மூச்சு வாங்கும் குரல்

அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

அடுப்பில் தேநீர் பொங்கி வரும் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி நிறையும் சத்தம், தெருவில் யாரோ கிளம்பாத வண்டியை விடாமல் உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம், இத்தனைக்கும் நடுவே முன்னறையில் அம்மா போனை முழுச் சத்தத்தில் வைத்துத் தம்பியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி அக்காக்காரியும் கேட்டாள். புதிதாகக் கேட்க அதில் ஒன்றுமில்லை. சற்று முன் அதை அனுப்பியவளே அவள்தான். கப்பல் சமையல்காரர் உப்பை இரண்டு முறை அள்ளிப் போட்டுவிட்டு, "கடல் காத்துல உப்பு ஜாஸ்தி, நான் என்ன பண்ண?" என்று சாதித்த கதை. அதைச் சொல்லி முடித்ததும் தம்பி சிரிப்பான். மூக்கில் ஆரம்பித்து வயிற்றுக்கு இறங்கி இருமலில் போய் முடியும் சிரிப்பு. எந்த இடத்தில் வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அன்று வரவில்லை. "நான் என்ன பண்ண?" என்று கேட்டான். சிரிக்கப் போகிறவன் போல ஒரு மூச்சு இழுத்தான். அவ்வளவுதான், செய்தி முடிந்துவிட்டது. அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதையே மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மூச்சு. பிறகு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். தேநீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததைக்கூட அக்காக்காரி கவனிக்கவில்லை.

போன் கோளாறாக இருக்கும் என்று நினைத்தாள். வேறென்ன நினைப்பாள், செத்துப்போனவன் சிரிக்க மறந்துவிட்டான் என்றா?

ஆமாம், தம்பி செத்துப்போயிருந்தான். அம்மாவுக்குத்தான் தெரியாது.

அவன் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். வாய் ஓயாமல் பேசுவான், வீட்டில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர். எழுதி அனுப்பச் சோம்பல்பட்டு எதையும் குரலிலேயே அனுப்புவான். கரை நெருங்கி சிக்னல் கிடைத்துவிட்டால் போதும், அக்காவின் போனில் செய்தியாக வந்து குவியும். "எல்லாத்தையும் ஒண்ணா பேசித் தொலைக்க மாட்டியாடா, எருமை" என்று திட்டுவாள். திட்டியதற்கும் ஒரு குரல் செய்தி வரும். அவன் அவளைவிட வெகு இளையவன். நடக்கப் பழகியதே அவள் விரலைப் பிடித்துத்தான்.

அப்படிப்பட்டவன், வெகுநாள் மூடிக் கிடந்த காலித் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கினான். துருப்பிடிக்கும் இரும்பே உள்ளிருக்கும் காற்றைத் தின்று தீர்த்துவிடுமாம். பிறகுதான் சொன்னார்கள். ஏதோ சரியில்லை என்று தெரிந்து ஏணியில் பாதி தூரம் திரும்ப ஏறி வந்திருக்கிறான். அதற்கு மேல் ஏற மூச்சில்லை.

அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சைத் திறந்து மூடிய தையல்கூட ஆறவில்லை, சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சித்தப்பாவும் அவளும் அந்தத் துறைமுக ஊருக்குப் போய், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்தார்கள். அம்மா தேறட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. பக்குவமாகச் சொல்ல அந்தச் சேதியில் என்ன இருக்கிறது?

போனில் இருந்த குடும்பக் குழு அன்றைக்கே இரண்டாகிவிட்டது. அம்மா இருக்கும் குழுவில் காலை வணக்கம், பூப்படம், மூட்டுவலிக்கு வைத்தியம். அம்மா இல்லாத குழுவில் அழுகை. ஒருமுறை சித்தப்பா தம்பியின் படத்துக்குக் கீழே கண்ணீர் வடிக்கும் பொம்மையை வைத்து, மாற்றி அம்மாவின் குழுவில் போட்டுவிட்டார். அழிக்கவும் தெரியாமல் பதறியடித்து இவளைக் கூப்பிட்டார். "சித்தப்பாவுக்குப் பல்வலியாம், அதான் கண்ட படத்துல கண்ட பொம்மைய போடறார்" என்று அம்மாவிடம் சமாளித்தாள். பல்வலி போய்விட்டதா என்று அம்மா ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய அம்மாவை அப்படியெல்லாம் ரொம்ப நாள் சமாளிக்க முடியவில்லை. "அவன் ஏன்டி ஒரு வார்த்தை பேசல?" என்று கேட்டுக் கேட்டுத் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். மாத்திரையையும் தள்ளினாள். தம்பியின் சாமான்களோடு வந்த போன் சமையலறை மேல் அலமாரியில் இருந்தது. அவள் அதற்கு உயிர் கொடுத்து, எப்போதோ அவன் தனக்கு அனுப்பியிருந்த ஒன்றைத் தேடி எடுத்து அம்மாவுக்குத் தள்ளிவிட்டாள். "சாப்டியா? சாப்ட்டுத் தூங்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்." அம்மா தட்டைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள். அன்று தலையணையில் முகத்தைப் புதைத்து அக்காக்காரி அழுதாள். பாதி துக்கம், பாதி சந்தோஷம். இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

அதிலிருந்து பொழுது சாயும் நேரம் ஒரு குரல் போகும். அக்கா என்று கூப்பிடாதது, தேதி சொல்லாதது, வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதது என்று பொறுக்கிப் பார்த்தால் அத்தனை குவியலிலும் தேறியது கொஞ்சம்தான். ஆகவே அனுப்பியதையே திரும்ப அனுப்பினாள். "சொன்னதையே சொல்றான் பாரு, கிழவனாட்டம்" என்று அம்மா சிரிப்பாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

அக்காக்காரிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சின்னப் பிள்ளைகள் முதல் எல்லாருக்கும் கண் கெட்டு வருகிறது. "போன் இருக்கற வரைக்கும் நமக்குக் குறையில்லம்மா" என்பார் முதலாளி, தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். சிரிப்பு காணாமல் போன மறுநாள், வாய் பேச முடியாத ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்து, போனில் தெரிந்த தன் தங்கையிடம் விரல்களாலேயே அபிப்பிராயம் கேட்டாள். தங்கையும் அங்கிருந்து விரல்களாலேயே கேலி செய்தாள். இருவரும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்கள். அக்காக்காரி கல்லாவுக்குப் பின்னால் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளையில், கடையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணனிடம் உப்புக் கதையைப் போட்டுக் காட்டினாள். அவள் போனில் இருந்த பழைய மூலத்தைத்தான் போட்டாள். அதிலும் சிரிப்பில்லை.

"நல்லாத்தானே பேசறாரு. யாரு இது?"

"என் தம்பி. குரல் ஒரு மாதிரி இல்ல?"

அவர் இன்னொரு முறை கேட்டார். "மாடிப்படி ஏறிட்டே பேசறாரோ? மூச்சு வாங்குதே பாவம்."

அவள் சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டாள்.

அன்று சாயங்காலம், கடலில் மழை பெய்வதை அவன் வர்ணிக்கும் செய்தியை அனுப்பினாள். பின்னால் இயந்திரம் உறுமும், பறவைகள் கத்தும், மழை தகரத்தில் பட்டுத் தெறிக்கும். பேச்சைவிட அந்தச் சத்தங்கள்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். முன்னறையில் அது ஒலிக்கத் தொடங்கியதும் சமையலறையில் அக்காக்காரியின் கை தானாகக் குழாயை மூடியது. இயந்திரம் இல்லை. பறவை இல்லை. மழை இல்லை. அவன் குரல் மட்டும், நாலு பக்கமும் இரும்புச் சுவர் இருக்கும் இடத்தில் பேசினால் எப்படித் திரும்பி வருமோ அப்படித் திரும்பித் திரும்பி வந்தது. வார்த்தைகள் பழையவைதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சுக்கு நின்றான்.

அம்மா மறுபடி போட்டுக் கேட்டாள்.

அக்காக்காரி அனுப்புவதை நிறுத்தினாள். கப்பல் நடுக்கடலில் போகிறது, சிக்னல் இருக்காது என்று சொல்லிவைத்தாள். ஒரு நாள் தாங்கியது. அடுத்த நாள் அம்மா பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சின் மேல் கையை வைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் உதடுகள் வெளுத்துக் கிடந்தன. மகள் வாசலுக்கு வந்து சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு சித்தப்பா. அவன் குரல் தேயுது."

"குரல் எப்படிம்மா தேயும்? அதென்ன செருப்பா? தூக்கம் கெட்டுப்போய் உனக்குத்தான் அப்படிக் கேக்குது. அண்ணி உடம்பு முக்கியம். ஏதாவது ஒண்ண அனுப்பி இன்னும் கொஞ்ச நாள் இழு."

தம்பியை இழந்தாயிற்று. அம்மாவையும் இழந்துவிட்டு அந்த வீட்டில் அவள் யாருக்காகக் கதவு திறப்பாள்? உள்ளே போனாள். இதுவரை அனுப்பாத ஒன்றைத் தேடினாள். சிக்னல் கிடைக்காத கோபத்தில் அவன் பாட்டுப் பாடி எல்லோரையும் எழுப்பியது. காதில் வைத்தாள். முழுக் குரல். சிரிப்பு, இருமல், பின்னால் யாரோ அவனை அதட்டுவது, எல்லாம் அப்படியே இருந்தன. மூன்று நான்கு முறை கேட்டாள். ஒன்றும் குறையவில்லை. சந்தோஷத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அனுப்பினாள்.

முன்னறையில் அம்மா கேட்டாள். கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி.

சமையலறையில் இவள் தன்னிடமிருந்ததைத் திரும்பக் கேட்டாள். பாட்டு பாதியில் அறுந்தது. அதட்டியவன் இல்லை. சிரிப்பும் இல்லை. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அனுப்பி, அம்மா கேட்கும் ஒவ்வொரு முறையும் அவன் எங்கிருந்தோ அதைப் பேச வேண்டியிருக்கிறது. புதிதாக. தன்னிடம் மிச்சமிருக்கும் காற்றில். ஏணியில் பாதியில் நின்றுபோனவனை, ஒருவழியாகக் கண் மூடியவனை, தினமும் அந்தத் தொட்டிக்குள் திரும்ப இறக்கிவிட்டு, பேசுடா பேசுடா என்று மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் அவள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவள்.

அவள் முதன்முதலில் அனுப்பியதைத் தேடி எடுத்தாள். சாப்டியா என்று கேட்டது. அதிகம் அனுப்பியதும் அதுதான்.

"சாப்..."

மூச்சு.

"நான்... நல்லா..."

மூச்சு. சமையலறையில் துருவின் வாடை. ஈர இரும்பின் வாடை. ஜன்னல் மூடியிருந்தது. ஏதோ தட்டும் சத்தம். இரும்பில், உள்ளேயிருந்து, ஒவ்வொன்றாக. தட்டு. நிறுத்தம். தட்டு. அவன் அதைப் பதிவு செய்த அன்று யாரும் எதையும் தட்டவில்லை. அது அவளுக்கு நிச்சயம்.

பிறகு, அந்தச் செய்தியில் எந்தக் காலத்திலும் இல்லாத இரண்டு வார்த்தைகள்.

"அக்கா. போதும்."

அன்று அவள் படுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள். சொன்னால் அந்த நெஞ்சு தாங்குமா? தாங்காமலும் போகலாம். சொல்லாவிட்டால் அவனுக்கு விடுதலை இல்லை. அம்மாவா தம்பியா என்று கேட்டால் எந்த மகள் பதில் சொல்வாள்? யாரிடமும் கேட்கவும் முடியாது.

விடுமுறை நாள் மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரமும் போய்விட்டது. முன்னறையில் அம்மா ஜன்னலோர நாற்காலியில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் வெளிச்சம் அவள் கன்னத்தில் பாதிவரை மட்டும் விழுந்தது. மாத்திரை டப்பாவையும் தண்ணீரையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, தம்பியின் போனையும் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள் அவள்.

"அம்மா. ஒண்ணு சொல்லணும். மனச திடமா வச்சுக்க."

"சொல்லு."

"தம்பி..." நிறுத்தி, தொண்டையைக் கனைத்தாள். "தம்பி இல்லம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."

மழையின் முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுந்தன. அம்மா மகளின் தலையில் கையை வைத்தாள். கை நடுங்கவில்லை.

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்த அன்னிக்கே தெரியும். நீ அவன திட்டவே இல்ல. அவன் பேச்செடுத்தா எருமை, சோம்பேறின்னு ஏதாவது சொல்லாம இருக்க மாட்ட. அன்னிக்கு, பாவம்மா, வேலையா இருப்பான்னு சொன்ன. பாவம்னு சொன்னியே, அப்பவே என் புள்ள போயிட்டான்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும், அவன் குரலையாவது கேக்கணும்னுதான் உன்ன நச்சரிச்சேன்."

அவளுக்கு அழுகை வெடித்தது. அத்தனை நாளும் தனியாகச் சுமந்ததையெல்லாம் அம்மாவின் முழங்காலில் இறக்கி வைத்து அழுதாள். அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள். கடவுளே, முடிந்தது, இனி பொய் இல்லை. இரண்டு பேரையும் காப்பாற்றியாகிவிட்டது என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்.

"அப்ப நிறுத்திடலாம்மா. அவன் கஷ்டப்படறான். நான் சொன்னா நம்ப மாட்ட. ஒவ்வொரு தடவ நாம கேக்கறப்பவும் அவனுக்கு மூச்சு முட்டுது. போதும்னு என்கிட்ட சொன்னான்மா."

"என்கிட்டயும் சொன்னான்."

மழை வலுத்தது.

"உன்கிட்டயா? எப்ப?"

"பகல்ல. நீ கடைக்குப் போனதும் நான் போட்டுக் கேப்பேன். நீ வர வரைக்கும்." அம்மாவின் குரல் சாந்தமாக இருந்தது. குழந்தை தூங்குகிறது, மெதுவாகப் பேசு என்று சொல்லும் குரல். "முதல்ல அழுதான். விடும்மா விடும்மான்னு கெஞ்சினான். எனக்கும் ஈரக்கொல நடுங்குச்சு. என்ன பண்ணச் சொல்ற? விட்டா போயிடுவானே."

"அவன் செத்துட்டான்மா."

"பேசலேன்னாதான் செத்துட்டான். பேசறானே."

அம்மா கட்டைவிரலை வைத்தாள்.

வார்த்தை இல்லை. இழுப்பு. உள்ளே போகாத மூச்சின் இழுப்பு. இன்னொன்று. தட்டும் சத்தம், முன்னைவிட வேகமாக. துரு வாடை அறை முழுக்க. அம்மா ஆட்காட்டி விரலால் போனின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் போனைப் பிடுங்கப் பார்த்தாள். முடியவில்லை. மாத்திரையை எடுக்கவே நடுங்கும் அம்மாவின் விரல்களை இப்போது அசைக்க முடியவில்லை. அப்போதுதான் கையிலிருந்த தம்பியின் போன் நினைவுக்கு வந்தது. திறந்தாள். அம்மாவுக்கும் தனக்கும் போன செய்திகள் எல்லாவற்றையும் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்தாள். எல்லாப் போனிலிருந்தும் அழிக்கவா என்று அது கேட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். தடுக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அழி," என்றாள். "அழிச்சிட்டு, அப்புறம் நீ அவன எப்படிக் கேப்ப?"

விரல் அந்தரத்தில் நின்றது. அழுத்தினால் போதும். அவன் போய்விடுவான். தூங்குவான். அந்த வீட்டில் இனி யாரும் அவனைப் போலச் சிரிக்க மாட்டார்கள். யாரும் சொன்னதையே சொல்ல மாட்டார்கள்.

"அக்கா," என்றது அம்மாவின் போன்.

சின்ன வயதில் இருட்டைக் கண்டால் அவன் கூப்பிடும் குரல். விரலைத் தேடும் குரல். எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் மட்டுமல்ல.

இன்னொரு தடவை கூப்பிடட்டும். இன்னும் ஒரே தடவை. பிறகு அழித்துவிடலாம்.

தம்பியின் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை ஒட்டி முட்டிபோட்டு எழும்பி, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்மா போனை இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

திரை மங்கியது. குளிர்ந்த கண்ணாடியில் வாய் வைத்து ஊதியது போல வெள்ளையாக ஆவி படர்ந்தது. அம்மா துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஆவி உள்பக்கத்தில் இருந்தது. அதில், அடியிலிருந்து, நான்கு விரல்களின் தடம் மெல்ல மேலே ஏறியது. பாதிவரை வந்தது. நின்றது. வழுக்கிக்கொண்டு கீழே போனது.

"இன்னொரு தடவ, கண்ணா," என்று அம்மா மறுபடி அழுத்தினாள். விரல்கள் மறுபடி ஏறத் தொடங்கின.